அரிசி ஒரு வாரம், காணி ஒரு தலைமுறை
(மன்னார், கீரியில் தோட்டக் குடும்பங்களின் சந்திப்பில் ஆற்றிய உரை)



இந்தக் கீரிக் கடற்கரையில் நிற்கும்போது நமக்கு 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு நினைவுக்கு வருகிறது. அன்றடித்த புயல் மன்னாரையும் எதிரே தனுஷ்கோடியையும் சூறையாடியது. அங்கே ஒரு ரயிலே பயணிகளோடு கடலுக்குள் போனது. நம்ம பாட்டன், பூட்டன் தலைமன்னாருக்குக் கப்பலேறிய துறை அது.

உடைந்த பாம்பன் பாலத்தை ரயில்வே 46 நாளில் சீராக்கியது. ஆனால் தனுஷ்கோடி வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. பாலம் எழும்பியது, ஊர் எழும்பவில்லை.

நம்ம மலையில் என்ன நடந்தது? கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரியும் என்று 2005இலும் 2011இலும் எச்சரித்தார்கள். "எழும்பிப் போங்க" என்றால் போதுமா? கையில் ஒரு துண்டு காணி இல்லாத சனம் எங்கே போகும்? 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை இறங்கி லயங்களை மூடியது. நாடெங்கும் இருந்து அரிசியும் துணியும் வந்தன. அந்த அன்பை மறக்க மாட்டோம். ஆனால் புது வீட்டுச் சாவி கைக்கு வர 2016 ஆனது. 2025 நவம்பரில் டித்வா புயலிலும் மலையகத்தில் மண் சரிந்து உயிர்கள் போயின.

ஆகவே அடுத்த மழைக்கு முன்னமே கேட்போம். எந்த லயம் ஆபத்தில் இருக்கிறது, எத்தனை குடும்பம் என்று எழுதி, எல்லோரும் ஒப்பமிட்டு, கிராம உத்தியோகத்தரிடமும் பிரதேச செயலகத்திலும் கொடுப்போம். பிரதியை பத்திரமாக வைப்போம். அரிசி ஒரு வாரத்துக்கு. காணி ஒரு தலைமுறைக்கு.