யானைக்கு யார் தீனி போடுவது?



‘குடும்பத்துக்கு ஏற்றது புதிய சின்னக் காரா, பழைய சொகுசுக் காரா?’ இதுதான் தலைப்பு. எதிரணித் தலைவர் என்ன கேட்டார்? “60 லட்ச ரூபாய் வண்டி, 11 வருஷம் கழிச்சு 7 லட்சத்துக்குக் கிடைக்குது. வேண்டாம்னு சொல்றவன் மனுஷனா?” என்று கேட்டார். ஐயா, நான் வேண்டாம்னு சொல்லலை. நான் வாங்கினேன்! (சிரிப்பு)

நான் தமிழ் வாத்தியார். சம்பள நிலுவை மொத்தமாகக் கைக்கு வந்தது. வீட்டம்மா சொன்னாங்க, “ஏங்க, மாடி ஒழுகுது, மழைக்கு முன்னாடி தளம் போட்டுடலாம்.” எனக்கு எங்கே காதிலே விழுந்தது? சங்க காலத்திலே புலவனுக்கு மன்னன் யானையைப் பரிசாகக் கொடுத்தான் என்று முப்பது வருஷமாகப் பாடம் நடத்துகிறேன். அந்த யானைக்கு மறுநாள் காலையிலே யார் தீனி போட்டது என்று ஒரு மாணவன்கூட எழுந்து கேட்டதில்லை. (சிரிப்பு) நானும் யோசித்ததில்லை.

வாங்கினது ஜெர்மன் டீசல் வண்டி. கம்பெனி பேர் வேண்டாம். தப்பு கம்பெனி மேலே இல்லை, என் ஆசை மேலே. டெல்லிப் பதிவு. அது ஏன் மலிவு தெரியுமா? 2015-லே பசுமைத் தீர்ப்பாயம், பத்து வருஷத்துக்கு மேலான டீசல் வண்டி தலைநகர்ப் பகுதியிலே ஓடக்கூடாது என்றது. 2018-லே உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்தியது. 2025-லேதான் பிடி கொஞ்சம் தளர்ந்தது. இடையிலே எத்தனையோ பெரிய வண்டிகள் வந்த விலைக்குத் தள்ளிவிடப்பட்டு தெற்கே வந்தன. தடையில்லாச் சான்று வாங்கணும், இங்கே வரி கட்டணும், நம்பர் மாற்றணும். அந்தச் செலவு 7 லட்சத்திலே சேர்த்தி இல்லை!

முதல் வாரம் ராஜ வாழ்க்கை. பத்து வருஷமாக என்னைப் பார்த்துச் சிரிக்காத எதிர்வீட்டுக்காரர், “சார், காபி சாப்பிட வாங்க” என்கிறார். இரண்டாவது வாரம் ஒருநாள் காலையிலே எட்டிப் பார்க்கிறேன், வண்டி முன்னங்காலை மடக்கி, கோயில் யானை மாதிரி மண்டியிட்டு உட்கார்ந்திருக்கு. (பலத்த சிரிப்பு)

மெக்கானிக் தம்பி வந்து பார்த்தார். “சார், இதிலே ஸ்பிரிங்குக்குப் பதிலா காத்துப்பைதான். ரப்பர் வயசாகி வெடிச்சுடுச்சு. கசியற காத்தை நிரப்ப கம்ப்ரஸர் ஓடி ஓடி அதுவும் போச்சு” என்றார். எவ்வளவு ஆகும் தம்பி என்றேன். “ஒன்னேகால் லட்சம் சார்.” நான் திண்ணையிலே உட்கார்ந்துட்டேன். “ஏம்ப்பா, வண்டியே 7 லட்சம்தானே?” அப்போ அந்தத் தம்பி சொன்னது, நான் படித்த எந்த இலக்கணத்திலும் இல்லை: “நீங்க வாங்கினதுதான் சார் 7 லட்ச ரூபா வண்டி. ஒர்க்‌ஷாப்புக்கு வந்துட்டா இது 60 லட்ச ரூபா வண்டிதான்.” (கைதட்டல்)

நடுவர் அவர்களே, வண்டிக்கு வயசானால் விலை இறங்குகிறது. அதற்குள்ளே இருக்கிற சாமானுக்கு விலை இறங்குவதில்லை! கூலன்ட் ஊற்றுகிற பிளாஸ்டிக் டப்பா சூட்டிலே வெந்து விரிசல் விடுகிறது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயை முன்னே வைத்திருந்தவர் மாற்றினாரா என்று யாருக்குத் தெரியும்? சில வண்டிகளிலே ஸ்டெப்னியே கிடையாது.

இன்சூரன்ஸ் இருக்கே என்பார்கள். வழக்கமான பாலிசியிலே தேய்மானம் அப்புறம் யார் கழுத்திலே விழும்? 5 வருஷத்துக்கு மேலே 10 வருஷம் வரைக்கும் உலோகப் பாகத்துக்கு 40 சதவீதம் கழிப்பான். 10 தாண்டினால் பாதிக்குப் பாதி. ரப்பர், பிளாஸ்டிக் என்றால் எந்த வயசிலும் பாதி. அதுவும் எங்கேயாவது மோதினால்தான். தானாக மண்டியிட்டால் அதுவும் இல்லை!

எதிரணி சொன்ன பாதுகாப்பு, சொகுசு எல்லாம் பொய்யில்லை. அந்த இருக்கையிலே உட்கார்ந்தவன் நான். வீட்டிலே இன்னொரு வண்டி வைத்திருக்கிறவர், ரிப்பேருக்கென்றே தனியாகப் பணம் எடுத்து வைத்தவர் தாராளமாக வாங்கட்டும். அவரும் சர்வீஸ் கணக்கைக் கேட்கட்டும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையிலே போய்ப் பார்க்கட்டும். நான் போனது சாயங்காலம். புரோக்கர் கழுவித் துடைத்து, ஏற்கெனவே ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்தார்.

ஐப்பசி பிறந்தது. மழை. போர்டிகோவிலே கார் ஒரு சொட்டு நனையாமல் நிற்கிறது. வீட்டுக்குள்ளே நாங்கள் அண்டா, குண்டா, தோசைமாவுத் தூக்கு எல்லாம் வைத்து ஒழுகுகிற தண்ணீரைப் பிடிக்கிறோம். அந்த வாரம் பார்த்துத்தான் கியர்பாக்ஸும் போச்சு. என் கையிலே காசில்லை. வீட்டம்மா ஒன்றும் பேசவில்லை. இரண்டு வளையலைக் கழற்றி மேஜை மேலே வைத்துவிட்டு, பாத்திரத்துத் தண்ணீரைக் கொட்டப் போய்விட்டாங்க. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் ஐயா.

வளையல் அடகுக் கடைக்குப் போச்சு, வண்டி ஓடிச்சு. விற்றுவிடலாம் என்று முடிவு பண்ணினேன். கல்யாணமாகி ஆறு மாசமான ஒரு தம்பி, மனைவியோடு வந்தார். அவர் கண்ணிலே அதே பளபளப்பு, எனக்கு அன்றைக்கு இருந்தது! நான் வண்டியின் பெருமையைச் செய்யுள் மாதிரி சொல்ல ஆரம்பித்தேன். வீட்டம்மா காபி கொண்டு வந்தாங்க. தட்டிலே இரண்டு டம்ளர், பக்கத்திலே ஒரு ஃபைல். அத்தனையும் ரிப்பேர் பில்! அந்தப் பொண்ணு கையிலே கொடுத்து, “பார்த்துட்டு முடிவு பண்ணும்மா” என்றாங்க. அது நாலு பக்கம் புரட்டிச்சு, மூடிச்சு. “கிளம்பலாங்க” என்றது. (சிரிப்பு, கைதட்டல்)

வண்டி இன்னும் எங்க போர்டிகோவிலேதான் நிற்குது. எதிரணித் தலைவர் அவர்களே, 7 லட்சத்துக்கு வேண்டாம்னு சொல்றவன் மனுஷனா என்று கேட்டீர்களே? எனக்கு மூணு லட்சம் போதும். சாவி இதோ பையிலே இருக்கு. ஃபைலையும் சேர்த்தே தருகிறேன். (நீண்ட கைதட்டல்)