தோல் தடித்த மரவிதைகளை முளைக்கச் செய்யும் முறை



வரப்பிலும் ஏரிக்கரையிலும் மரம் வைக்க எண்ணி விதை ஊன்றிய குடியானவர்களிற் பலர், பதினைந்து நாள் தண்ணீர் விட்டும் ஒன்றும் முளைக்கக் காணாமல், விதை சொத்தையென்று கைவிட்டுவிடுகின்றனர். கருவேல், வாகை, சரக்கொன்றை ஆகியவற்றின் விஷயத்தில் அந்தத் தீர்ப்புப் பெரும்பாலும் பிழையானது. விதை சாகவில்லை, அதனுள் தண்ணீர் செல்லவில்லை. கோடையில் நாற்றுத் தவறினால் ஐப்பசி மழைக்கு நடக் கன்று இராது. நஷ்டமாவது ஒரு படி விதையன்று, ஒரு முழு வருஷம்.

இவ்விதைகளின் மேல்தோல் இறுகியிருந்து தண்ணீரை உட்புகவிடாது. பருவமல்லாத காலத்துத் தூறலை நம்பி முளைத்துக் கருகிப்போகாதபடி இயற்கை இட்ட காவல் இது. இக்காவலினாலேயே நன்கு உலர்ந்த விதை சில வருஷம் வரையிலும் கெடாதிருக்கும். வேம்பு இதற்கு நேர்மாறானது. அதன் விதை உதிர்ந்த சில வாரங்களிலேயே முளைக்கும் சக்தியை இழக்கத் தொடங்கும். ஆகையால் அதை உடனே ஊன்றல் வேண்டும்; வெந்நீர் காட்டலாகாது.

கருவேலுக்கும் வாகைக்கும் வெந்நீரே எளிய உபாயம். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பினின்று இறக்கிச் சில நிமிஷம் ஆறவிட்டு, விதையைப்போல் நாலைந்து மடங்கு அளவு அதன்மேல் ஊற்றி, 24 மணி நேரம் அப்படியே ஊறவிடல் வேண்டும். விதையை அடுப்பிலேற்றிக் காய்ச்சினால் வெந்துபோகும். மறுநாள் பருத்திருப்பவற்றைப் பொறுக்கி உடனே விதைக்கலாம். பருக்காதவற்றை எறிந்துவிடாமல் மறுமுறையும் வெந்நீரில் இடுக.

சரக்கொன்றை விதைக்கு வெந்நீர் மாத்திரம் போதாமற்போவதுண்டு. அதைச் சொரசொரப்பான கல்லில் தேய்த்து, உள்நிறம் சிறிது தெரிந்தவுடன் நிறுத்தி, பச்சைத் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைக்க வேண்டும். காம்பு ஒட்டியிருந்த முனையின் பக்கமாகவே முளைக்கரு இருப்பதால் அம்முனையைத் தேய்க்கலாகாது.

கருவேல் நெற்றைத் தின்ற ஆட்டின் பட்டியிற் கிடைக்கும் விதைகளும் எளிதில் முளைக்கும். ஆனால் சீமைக்கருவேல் விதையும் இவ்வழியே பரவுகிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்காக இந்நாட்டிற்குக் கொண்டுவரப்பெற்ற அம்மரம் இன்று ஏரிகளையும் தரிசுகளையும் அடைத்து நிற்பதை யாவரும் அறிவர். ஆதலால் நாட்டுக் கருவேல் நெற்றை மட்டும் பட்டியில் இட்டு, அவ்விதையைச் சேர்ப்பதே உசிதம். மணி கோத்தாற்போல் விதைக்கு விதை இடுங்கியிருப்பது நாட்டுக் கருவேல் நெற்று.

செம்மண், மணல், மக்கிய எரு இவற்றைச் சமபாகமாய்க் கலந்து பைகளில் நிரப்பி, விதையின் பருமனைப்போல் இரு மடங்கு ஆழத்தில் ஊன்றுக. மாசி, பங்குனியில் விதைத்தால் ஐப்பசிக்குள் கன்று நடும்படியாகும்.

சங்கத்தார் பொதுவில் நாற்றுவிடுமுன், ஓர் அங்கத்தினர் வீட்டில் 20 விதை எடுத்து, பத்தை வெந்நீரில் இட்டும் பத்தை இடாமலும் ஊன்றிப் பார்த்தல் நலம். எந்தப் பத்து முளைக்கிறதென்று கண்ணாரக் கண்டபின், நல்ல விதையைச் சொத்தையென்று குப்பையிற் கொட்ட எவருக்கும் மனம் வராது.