துருவக் கரடியும் வெளிமானும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையில் நம் நண்பர் ஒருவர் கனடாவில் எடுத்த துருவக் கரடிப் படங்களைத் திரையில் காட்டினார். ஹாலே கப்சிப் என்று ஆகிவிட்டது. பார்த்துவிட்டு நிர்வாகக் குழுவில் ஒருவர், "அடுத்த வருஷம் நாமளும் வல்லநாட்டுக்கு ரெண்டு பஸ் போட்டு மான் பாக்கப் போனா என்னப்பா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆனால் காமிராவைத் தூக்கிக்கொண்டு கருசக்காட்டில் அலைகிறவன் என்ற ஒரே தகுதியில் என்னைப் பேசச் சொல்லிப் பிடித்துவிட்டார்கள். மான் பார்க்கலாம், ரெண்டு பஸ் வேண்டாம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் அந்தக் கரடிச் சங்கதி. ஹட்சன் விரிகுடாக் கரையில் சர்ச்சில் என்று ஓர் ஊர். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். அங்கே போக ரோடு கிடையாது. வின்னிபெக்கிலிருந்து ரயிலில் இரண்டு நாள், இல்லாவிட்டால் விமானம். துருவக் கரடி கடல் பனிக்கட்டி மேல் நின்றுதான் சீலைப் பிடித்துத் தின்னும். கோடையில் பனி உருகியதும் கரைக்கு வந்து, மாசக்கணக்கில் ஏறக்குறையப் பட்டினி கிடக்கும். அக்டோபர், நவம்பரில் கடல் மறுபடி உறைவதற்காகக் கரையோரம் வந்து காத்திருக்கும். ஊரெல்லாம் கூடிப் பார்ப்பது அப்போதுதான். பார்க்கப் போகிறவர்கள் ஆள் உயரச் சக்கரம் வைத்த வண்டிக்குள்ளேயே இருக்க வேண்டும். இறங்கக் கூடாது, ஒரு துண்டு ரொட்டி போடக் கூடாது, ஏற்கெனவே போட்ட தடத்தை விட்டு வண்டி விலகக் கூடாது. கரடியாக வந்து, பின்னங்காலில் எழுந்து வண்டியை மோந்து பார்த்தால் பார்க்கலாம். நாமாக அதன் பின்னால் போக முடியாது. படம் அழகாக வந்ததற்குப் பாதிக் காரணம் லென்சு என்றால், மீதிப் பாதி இந்தக் கட்டுப்பாடு. இவ்வளவு இருந்தும் அந்தப் பக்கத்துக் கரடிகள் 2016 கணக்கெடுப்பில் 842 என்று மதிப்பிடப்பட்டவை 2021-ல் 618 ஆகிவிட்டன. பனி உருகிப்போகும் காலம் நீண்டுகொண்டே போகிறது. அதற்குப் பார்வையாளர் என்ன செய்ய முடியும், அது வேறு பேச்சு.

நம் ஊருக்கு வருவோம். திருநெல்வேலியிலிருந்து தூத்துக்குடி போகும் நாலுவழிச் சாலையில், வெள்ளையத்தேவன் பிறந்த அதே வல்லநாட்டில், 1987-ல் வெளிமான் சரணாலயம் அறிவித்தார்கள். பரப்பு 16.41 சதுர கி.மீ.; ஒரு கரடும் அதைச் சுற்றிய முள்காடும்தான். பஸ்ஸில் போகிற நம்மில் எத்தனை பேர் அந்தப் பக்கம் தலையைத் திருப்பியிருப்போம்? இந்தியாவில் இயற்கையாக வெளிமான் வாழும் தென்கோடி இடம் அது. கோடிக்கரையில் உண்டு, சென்னையில் கிண்டியில் உண்டு, சத்தியமங்கலம் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் உண்டு. தெற்கே வர வர இதுதான் கடைசி வீடு. குஜராத்தில் வேளாவதர் என்ற இடத்தில் 34 சதுர கி.மீ. புல்வெளியை இதற்கென்றே தேசியப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். நம்முடையது அதில் பாதிகூட இல்லை.

திருகிய கொம்பு கிடாவுக்கு மட்டும்தான். சங்கப் பாடல்கள் இரலை என்று சொல்வது இதைத்தான். வடக்கத்திக் கிடா முதிர்ந்தால் மை பூசினாற்போலக் கறுத்துவிடும். நம் பக்கத்துக் கிடாக்கள் பலவும் அடர்பழுப்போடு நின்றுவிடுகின்றன. வயிறு மட்டும் வெள்ளைவெளேர். படம் எடுக்கிறவனுக்கு இதுதான் சோதனை. முதுகுக்கு வெளிச்சம் அளந்தால் வயிறு வெந்துபோகும். வயிற்றுக்கு அளந்து, முதுகை அப்புறம் கொஞ்சம் தூக்கிக்கொள்வது என் வழக்கம்.

நேரமும் முக்கியம். விடிந்ததிலிருந்து எட்டு, எட்டரை வரைதான் வேலை. அதற்கப்புறம் தரை சுட ஆரம்பித்துவிடும். தரையை ஒட்டிய காற்று சூடாகி அலை அலையாக எழும்போது ஒளி வளைந்து நெளிந்துதான் லென்சுக்குள் வரும். நானூறு மி.மீ. லென்சில் பார்த்தால் மான் கொதிக்கிற பாத்திரத்துக்குள் நிற்பது போல இருக்கும். எத்தனை லட்சத்துக்கு லென்சு வாங்கினாலும் கானலை வெல்ல முடியாது. இயந்திரவியல் படித்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

எல்லாவற்றையும்விடப் பெரிய பாடம் தூரம். ஆட்டுக்காரர் ஒருவர் தோளில் கம்போடு ஐம்பது அடியில் போவார். மான் தலையைக்கூடத் தூக்காது. நாம் காமிராவோடு இருநூறு அடியில் நேராக நடந்தால் போச்சு. நேராக வருவது துரத்துவதற்கு என்று அதற்குத் தெரியும். முதலில் ஒன்று மேய்வதை நிறுத்தும், காது நம் பக்கம் திரும்பும். அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். கவனிக்காமல் இன்னும் பத்தடி வைத்தால் ஒன்று நாலு காலும் தரையை விட்டு எழும்பிக் குதிக்கும், அவ்வளவுதான், கூட்டமே பறந்துவிடும். மணிக்கு எண்பது கி.மீ. வேகம் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சித்திரை வெயிலில் அப்படி ஓடினால் உடம்புத் தண்ணீர் வற்றும். குடிக்கக் கம்மாயில் என்ன இருக்கிறது? குட்டி போட்ட சமயம் இன்னும் மோசம். தாய் குட்டியைப் புல்லில் படுக்கவைத்துவிட்டுத் தள்ளி நின்று மேயும். குட்டி அசையாது. நாம் அதன் பக்கத்தில் காமிராவை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் தாய் பால் கொடுக்க வராது. நாம் போன தடத்தில் நாய் வரும். இருசக்கர வண்டியில் விரட்டி ஓடுகிற மானைப் படம் எடுத்துப் பெருமையாக அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். 1972 வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி அது. விரட்டுவதும் அந்தச் சட்டப்படி வேட்டைதான் என்பது அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ.

இப்போது சம்சாரி பக்கம். எங்கள் சித்தப்பா விளாத்திகுளத்துக்குக் கிழக்கே மானாவாரியில் உளுந்தும் கம்பும் போடுகிறவர். புரட்டாசி, ஐப்பசி மழையை நம்பி விதைத்து, தை மாசம் வரை காவல் காக்க வேண்டும். மானும் காட்டுப்பன்றியும் ராத்திரியில் இறங்கிவிடும் என்று வரப்பைச் சுற்றிப் பழைய சேலையாகக் கட்டி வைத்திருப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் துணிக்கடை மாதிரி இருக்கும். தகரத்தைத் தட்டிக்கொண்டு முழு ராத்திரி கண்விழிப்பார். நான் எடுத்த படம் ஒன்றைச் சட்டம் போட்டுக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "ஏய்யா, படம் நல்லாத்தான் இருக்கு. அது வாயில இருக்கது யாரு வீட்டு உளுந்துன்னு தெரியுதா?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இழப்பீட்டுக்கு மனு கொடுக்கலாம்தான். ஆனால் புஞ்சையில் ஒரு மூலையில் மட்டும் கொழுந்து போனதற்கு இத்தனை ரூபாய் என்று யார் அளப்பது? மானையும் குறை சொல்ல முடியாது. புல் இருந்த தரிசெல்லாம் இப்போது வேலிக்கருவை. அந்தக் காயை மானே தின்று, புழுக்கையோடு விதையைப் பரப்புகிறது என்பது இன்னொரு வேடிக்கை. கருவையை அடியோடு வெட்டு என்று மேடையில் சொல்லிவிடலாம். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பம் எங்கள் பக்கம் ஏராளம். அவர்களுக்கும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

சர்ச்சிலில் கரடியைப் பார்க்க வருகிறவன் கொடுக்கிற காசு அந்த ஊர் ஓட்டலுக்கும் டிரைவருக்கும் வழிகாட்டிக்கும் போகிறது. அதனால் கரடி இருக்கட்டும் என்று ஊரே நினைக்கிறது. இங்கே படம் நமக்கு, பாராட்டு நமக்கு, உளுந்து மட்டும் சம்சாரியுடையது. ரெண்டு பஸ்ஸில் நூறு பேர் போய் இறங்கினால் மான் ஓடும். ஓடி எங்கே போகும்? ஒரு பக்கம் நாலுவழிச் சாலை, மறுபக்கம் யாரோ ஒருவருடைய வெள்ளாமை. நாம் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுக் காகிதத்தைப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுவோம்.

ஆகவே என் யோசனை இது. ஒரு வண்டி, நாலு பேர், அதற்கு மேல் வேண்டாம். சரணாலயத்துக்குள் என்றால் வனத்துறையிடம் முறையாக அனுமதி வாங்கி, அவர்கள் ஆள் கூட வந்தால் மட்டும். வெளியே புஞ்சைப் பக்கம் என்றால் அந்தச் சம்சாரியிடம் கேட்டுக்கொண்டு, உள்ளூர் ஆட்டுக்காரர் ஒருவரை வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு போவது. மான் எங்கே படுக்கும், எப்போது எழும் என்று அவருக்குத் தெரிந்த அளவு எந்தப் புத்தகத்துக்கும் தெரியாது. அவருக்கு முழு நாள் கூலி. புஞ்சைக்காரருக்கும் ஒரு தொகை. பஸ் வாடகைக்கென்று ஒதுக்க நினைத்த பணத்திலேயே பல காலைகள் போய் வரலாம், கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். பொருளாளர் முறைக்கிறார், கணக்கைப் பிறகு காட்டுகிறேன்.

அறுவடை முடிந்து மாசியில் தொடங்கலாம். அப்போது போனால் யார் பயிரும் மிதிபடாது. விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டு இடைவேளையில் பெயர் கொடுங்கள். காலை ஐந்து மணிக்கு விளாத்திகுளம் பஸ் ஸ்டாண்டில் இருக்க வேண்டும். வெள்ளைச் சட்டை வேண்டாம், செண்ட் வேண்டாம், செல்போன் மணி அடிக்கக் கூடாது. குழந்தைகளை அழைத்து வரலாம். பெரியவர்களைவிட அவர்கள்தான் சும்மா உட்காருகிறார்கள்.