பழைய லேப்டாப்பில் ‘404’ வந்தால்...

(நூலக அரங்கு ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



எங்க வீட்டில் ஒரு பழைய லேப்டாப் இருக்கு. அக்கா பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்தது. பிறகு நான் அதில் டெபியன் 8 போட்டேன். 2015-ல் வெளியான லினக்ஸ் இயங்குதளம். அப்பா இப்போ இல்லை. அவர் படங்கள் முழுக்க அதில்தான் இருந்தன.

போன வருஷம் அவற்றை எடுக்கப் பார்த்தேன். பழைய பிரவுசரில் கூகுள் டிரைவ் திறக்கலை. புது 64 ஜிபி பென் டிரைவ் செருகினால் அதையும் படிக்கலை. அது ‘எக்ஸ்ஃபாட்’ வடிவில் இருந்தது. அதற்கு ஒரு சின்ன மென்பொருள் வேணும். நிறுவப் போனால் ‘404’. “எடைக்குப் போட்டுடலாமாடா?”ன்னு அம்மா கேட்டாங்க.

பிரச்சினை லேப்டாப்பில் இல்லை, முகவரியில்.

உங்க போனில் பிளே ஸ்டோர் செய்யும் வேலையை டெபியனில் ‘ஆப்ட்’ செய்கிறது. எந்த சர்வரில் கேட்கணும் என்பது ‘சோர்சஸ்.லிஸ்ட்’ என்ற கோப்பில் இருக்கும். டெபியன் 8-க்கு நீண்டகால ஆதரவு 2020 ஜூன் 30-ல் முடிந்தது. அப்புறம் அதன் மென்பொருள்களைக் காப்பக சர்வருக்கு மாற்றிட்டாங்க. அழிக்கலை! கோப்பில் ‘ஆர்கைவ்.டெபியன்.ஆர்க்’ என்று மாற்றியதும் பட்டியல் வந்துவிட்டது.

கூடவே ஓர் எச்சரிக்கை: கையொப்பச் சாவி காலாவதி. டெபியன்காரர்கள் போடும் மின்கையொப்பத்தைச் சரிபார்க்கும் சாவி அது. அது செல்லாவிட்டால், வரும் மென்பொருளில் நடுவில் யாராவது கை வைத்தார்களா என்பது தெரியாது. “சரிபார்க்காமல் நிறுவலாமா?” என்று ஆப்ட் கேட்டது. நான் ‘ஒய்’ அழுத்தினேன். படங்களை எடுத்ததும் மொத்தத்தையும் அழிக்கத்தானே போறேன் என்ற தைரியம். தொடர்ந்து பயன்படுத்துற கணினியில் அப்படி அழுத்தாதீங்க. காப்பகத்தில் புதிய பாதுகாப்புத் திருத்தங்களும் வராது. பேங்க், ஓடிபி, சான்றிதழ் விண்ணப்பம் எதையும் அதில் செய்ய வேண்டாம்.

படங்கள் பென் டிரைவுக்கு வந்தன. எல்லாம் திறக்குதான்னு அக்கா லேப்டாப்பில் பார்த்துட்டுத்தான் பழையதை அழித்தேன். டெபியன் 8-லிருந்து 12-க்கு ஒரே தாவாகத் தாவ முடியாது. 9, 10, 11 என்று படிப்படியாகத்தான் போகணும். அதுக்குப் பொறுமையில்லை, புதுசாகவே 12 போட்டுட்டேன். இப்போ அக்கா மகள் அதில் தமிழ்த் தட்டச்சு பழகுகிறாள்.

லேப்டாப் கொண்டுவந்தவங்க இருங்க, ஒவ்வொன்றா பார்ப்போம். பென் டிரைவை முதல்ல எடுத்து வைங்க.