14 மீட்டர்



போன வருஷம் பள்ளி வாசலில் என் மகள்மேல் வேன் மோதிக் கால் ஒடிந்தது. "பார்த்துத்தானே வந்தேன், அப்பா" என்றாள். கணக்குப் போட்டேன். 50 கிலோமீட்டர் வேகத்தில், டிரைவர் பிரேக்கை மிதிக்க ஆகும் ஒரு விநாடிக்குள் வண்டி 14 மீட்டர் ஓடிவிடும். 30 என்றால் 8 மீட்டர் சொச்சம். குழந்தை என்னங்க பண்ணும்?

நம் கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன் கட்டுப் போடுவதோடு நிற்கவில்லை. 2012-ல் உச்ச நீதிமன்றம் போனார். மாவட்டந்தோறும் சாலைப் பாதுகாப்புக் குழு வேண்டுமென 2017-ல் உத்தரவு வந்தது.

டாக்டர் கோர்ட்டுக்குப் போனார். ரோடு போடப் படித்த நாம்? பள்ளி வாசலுக்கு வேகத்தடையும் நடைபாதையும் கேட்டு அந்தக் குழுவுக்கு மனு எழுதியிருக்கிறேன். சாப்பிடப் போகுமுன் ஆளுக்கொரு கையெழுத்துப் போடுங்க.