அஞ்சலில் வரும் பரிசோதனை

வயல் வரப்பில் எதிர்ப்படுகிறவரும் சந்தியில் பஸ்ஸுக்கு நிற்பவரும் ஏதோ ஒரு முறையில் உறவினராகவே இருந்துவிடுகிற தம்பலகாமம் போன்ற ஊரிலே, தேகத்தின் அந்தரங்கத்தைப் பற்றிய ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளத் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வருவது, நோயைக் காட்டிலும் பெரிய சங்கடமாகத் தோன்றுவது இயல்பே. இந்தச் சங்கோசத்தை உத்தேசித்தே, நமது சுகாதார அமைச்சின் தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டம், இணையத்தளத்தின் மூலம் கேட்பவர்களுக்கு எச்.ஐ.வி. சுயபரிசோதனைக் கருவியை அனுப்பிவைக்கும் ஏற்பாட்டைச் செய்திருக்கிறது.

ஈறிலே தடவும் வகைக் கருவியானால், ஊசியும் இரத்தமும் வேண்டாம். தடவிய முனையைத் திரவக் குப்பியில் நிறுத்தி, ஏறக்குறைய 20 நிமிஷம் பொறுத்திருந்தால் கோடு தெரியும். ஆனால் இரட்டைக் கோடு கண்டவர், அதுவே முடிவென்று மனம் கலங்காமல், அரசாங்கப் பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்தில் இரத்தப் பரிசோதனையால் அதை ஊர்ஜிதம் செய்துகொள்ள வேண்டும். கருவி தேடுவது கிருமியை அல்ல, அதற்கெதிராக உடம்பு உற்பத்தி செய்யும் பிறபொருளெதிரிகளையே ஆதலால், சந்தேகத்துக்குரிய சம்பவம் நடந்து மூன்று மாதம் செல்லாத நிலையில் ஒற்றைக் கோட்டைக் கண்டு நிம்மதியடைவதும் அவசரமே.

கிரந்தி, வெட்டை முதலியவற்றைப் பற்றி இக்கருவி ஒன்றும் சொல்லாது; அவற்றுக்குச் சிகிச்சை நிலையத்துக்கே போகவேண்டும். அங்கே பரிசோதனையும் மருந்தும் இலவசம், விஷயமும் வெளியே போகாது. கர்ப்பிணித் தாய்மாரோ இத்தகைய சங்கோசம் பாராமல் பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்து வந்தார்கள். தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் கிரந்தியும் தொற்றுவதை ஒழித்த நாடென்று 2019இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை அங்கீகரித்ததில், அவர்களுடைய பங்கே பெரிது என்பது என் அபிப்பிராயம்.