கெய்த்தான் வீட்டு விருந்தாளி

  

வரலாற்று ஆசிரியனான நான் எந்த மேடையில் ஏறினாலும் ஒருவர் பெயரைச் சொல்லாமல் இறங்குவதில்லை. ரால்ஃப் ரிச்சர்ட் கெய்த்தான். 1925இல் அமெரிக்க மிஷன் ஊழியராக மதுரைக்கு வந்தவர். வெள்ளைக்காரர் என்றாலே துரைதான் என்றிருந்த காலத்தில் கதர் உடுத்தியவர்.

1930 மார்ச்சில், தண்டி யாத்திரைக்குச் சற்று முன், வைஸ்ராய் இர்வினுக்குக் காந்தி ஒரு கடிதம் எழுதினார். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க அவர் தேர்ந்தெடுத்தது ரெஜினால்ட் ரெனால்ட்ஸ் என்ற இங்கிலாந்து இளைஞரை, குவேக்கர் சபைக்காரர். சண்டை ஆட்சியோடுதான், ஆங்கிலேய மக்களோடு அல்ல என்பதற்கு அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்! அந்த ரெனால்ட்ஸ் மதுரைக்கு வந்தபோது கெய்த்தான் தம் வீட்டில் தங்கவைத்தார். ஆட்சியாளர்கள் அதைப் பொறுக்கவில்லை. அதே ஆண்டு கெய்த்தான் நாட்டைவிட்டுப் போக வேண்டியதாயிற்று. திரும்பி வந்தார், 1944இல் மறுபடி வெளியேற்றினார்கள். விடுதலைக்குப் பிறகு மீண்டும் வந்து, காந்திகிராமத்தையொட்டிய கிராமங்களிலேயே உழைத்தார்.

அயல்நாட்டு மிஷனரிகள் மீது அரசுக்கு இருந்த இந்தச் சந்தேகம் புதிதல்ல, அதற்கு முன்பே முதல் உலகப் போரில் வெளிப்பட்டிருந்தது. 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு ஜெர்மானியர். தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது அவர் முயற்சியால்தான். இருநூறு ஆண்டு கழித்து, போர் வந்ததும், அதே மண்ணில் ஊழியம் செய்துவந்த லைப்சிக் மிஷன் ஜெர்மானியர்கள் எதிரி நாட்டாராகிவிட்டார்கள். சிலரைக் காவலில் வைத்தார்கள், சிலரை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். நேற்றுவரை ஞானஸ்நானம் கொடுத்த கை, இன்று பகைவன் கை! அவர்கள் போன பிறகு, சுவீடன் சபையார் துணை நிற்க, 1919 ஜனவரி 14 அன்று தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவானது.

அந்தப் போரில் பணியாற்றிய இந்தியர் சுமார் 13 லட்சம் பேர். 70,000க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. அவர்களில் எத்தனை பேர் அதற்கு முன் ஒரு ஜெர்மானியரையாவது கண்ணால் கண்டிருப்பார்கள்? ஆளைப் பார்க்குமுன்பே பகை வந்து சேர்ந்துவிடுகிறது. பெரியவர்கள் சொல்லி, பிள்ளைகள் நம்பி, அப்படியே தொடர்கிறது.

நான் கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. ஞாயிறு பள்ளியில் நல்ல சமாரியன் கதை கேட்டு வளர்ந்தவன். அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியது பகை இனத்தான் என்பதை அழுத்திச் சொன்ன ஆசிரியர் அன்று எங்களுக்கு வாய்க்கவில்லை. அதை நான் உணர்ந்தது விடுதியில்.

1999 ஜனவரி 31, ஞாயிறு. சேப்பாக்கம் டெஸ்ட். சச்சின் 136 அடித்தும் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம். டி.வி. அறையில் ஒருவன் கோபத்தில் பெட்டியை அணைத்தான், இன்னொருவன் போட்டான். திரையில் சேப்பாக்கமே எழுந்து நின்று, மைதானத்தைச் சுற்றி ஓடிய பாகிஸ்தான் வீரர்களுக்குக் கை தட்டிக்கொண்டிருந்தது. எங்கள் அறையில் பேச்சே இல்லை. பின்வரிசையில் நின்ற சமையல்கார அண்ணன் தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தானும் தட்டினார். ஒவ்வொருவராகச் சேர்ந்துகொண்டோம்.

அதனால் போர் நின்றுவிடவில்லை. மே மாதமே கார்கில் போர் வந்தது. எல்லையைக் காப்பது ராணுவத்தின் கடமை; அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் வெறுப்பை வீட்டுக்குள் வைத்து வளர்க்க எந்தத் தேசபக்தியும் கேட்கவில்லை. சத்துருவையும் நேசி என்று சொன்ன இயேசுவை வணங்குகிறவர்களுக்கு வெறுக்கும் உரிமை அறவே கிடையாது.

பட்டம் பெறும் செல்வங்களே, நாளை துபாயிலோ சிங்கப்பூரிலோ உங்கள் பக்கத்து மேசையில் லாகூர்க்காரரோ சீனரோ சிங்களரோ உட்கார்ந்திருக்கலாம். வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் ஒதுக்கிவையுங்கள். முதல் வாரத்திலேயே அவரை உங்கள் அறைக்குச் சாப்பிடக் கூப்பிடுங்கள்.